டி.என்.ஏ.வில் இடங்களைக் குறிப்பதற்கு எந்த நுண்ணோக்கி? மூன்று வழிகளின் ஒப்பீடு

ஒரு டி.என்.ஏ. மூலக்கூறின் மீது குறிப்பிட்ட இடங்கள் எங்கெங்கே அமைந்துள்ளன என்பதை நேரடியாகப் படம்பிடித்து அறிய விரும்புவோர் பெரும்பாலும் ஒரே கேள்வியில் சிக்கிக்கொள்கிறார்கள்: அணுவிசை நுண்ணோக்கியா, சாதாரண ஒளிர்வு நுண்ணோக்கியா, அல்லது ஒளியின் வழக்கமான வரம்பைத் தாண்டிப் பிரித்துக் காட்டும் மீப்பிரிதிறன் நுண்ணோக்கியா? கருவியின் விவரக் குறிப்பில் அச்சிட்டிருக்கும் நானோமீட்டர் எண்ணைப் பார்த்தே முடிவெடுத்துவிடுவதுதான் வழக்கம். அந்த எண் பொய்யன்று. ஆனால், கையில் கிடைக்கப்போகும் வரைபடத்தின் துல்லியத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதுவன்று. மூலக்கூறு எவ்வளவு சீராக நீட்டப்பட்டிருக்கிறது, லேபிள் (இடத்தைக் காட்ட ஒட்டும் அடையாளப் பொருள்) எத்தனை இடங்களில் உண்மையிலேயே ஒட்டியிருக்கிறது, எத்தனை மூலக்கூறுகளை நம்பகமாக அளக்க முடிகிறது ஆகியவையே பெரும்பாலான வேளைகளில் முடிவைச் சொல்கின்றன.

## முதலில் அளவுகோல்கள்

குறிக்க வேண்டிய இடங்களுக்கு இடையே உள்ள தூரத்தை முதலில் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். இயல்பு வடிவத்தில் உள்ள இரட்டைச் சுருளில் ஒரு கார இணை (டி.என்.ஏ.வின் ஓர் எழுத்துச் சோடி) 0.34 நானோமீட்டர் நீளம் பிடிக்கிறது. ஆகவே ஆயிரம் கார இணைகள் 340 நானோமீட்டர். எர்ன்ஸ்ட் அபே 1873-இல் வகுத்த வரம்பின்படி, 600 நானோமீட்டர் அலைநீள ஒளியையும் 1.4 நியூமெரிக்கல் அபர்ச்சர் (ஒளியைச் சேகரிக்கும் திறனின் அளவு) உள்ள லென்ஸையும் கொண்டு பார்த்தால், ஏறத்தாழ 215 நானோமீட்டருக்கும் நெருக்கமாக உள்ள இரு ஒளிப்புள்ளிகள் ஒரே புள்ளியாகத்தான் தெரியும். கார இணைகளில் சொன்னால் இது சுமார் 630.

இங்கே இரண்டு வேறுபட்ட அளவுகளைப் பலர் ஒன்றாக்கிவிடுகிறார்கள். அருகருகே உள்ள இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும் திறன் பிரிதிறன். தனித்து நிற்கும் ஒரு புள்ளியின் மையம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் திறன் இடங்குறிப்புத் துல்லியம். பின்னதற்கு அபே வரம்பு தடையில்லை. ஒளிப்புள்ளியின் பரவலைச் சேகரித்த ஃபோட்டான்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைப்பது அதன் தோராய மதிப்பு. நூறு நானோமீட்டர் பரவல் உள்ள புள்ளியிலிருந்து ஆயிரம் ஃபோட்டான்கள் கிடைத்தால், பின்னணி ஒளியும் மாதிரி வைக்கும் மேடையின் நகர்வும் இல்லாத நிலையில், மையத்தை ஏறத்தாழ மூன்று நானோமீட்டருக்குள், அதாவது பத்துக் கார இணை அளவுக்குள், சொல்லிவிடலாம். ஆகவே இடங்கள் ஒன்றுக்கொன்று ஆயிரக்கணக்கான கார இணைகள் தள்ளி இருக்குமானால், மீப்பிரிதிறன் கருவி எதுவும் இல்லாமலே சாதாரண நுண்ணோக்கியும் நல்ல கேமராவும் அவற்றைத் துல்லியமாகக் குறித்துவிடும்.

அடுத்த அளவுகோல் நீட்சி. நுண்ணோக்கி தருவது நானோமீட்டர். நமக்கு வேண்டியது கார இணை. ஒன்றை மற்றொன்றாக மாற்றும் விகிதம் மூலக்கூறுக்கு மூலக்கூறு இரண்டு சதவீதம் மாறுபடுவதாக வைத்துக்கொள்வோம். இடங்குறிப்புப் பிழை பத்து நானோமீட்டர் என்றால் அது சுமார் 30 கார இணை. இரண்டு சதவீத நீட்சிப் பிழையோ 1,500 கார இணைத் தொலைவிலேயே அந்த 30-ஐ எட்டிவிடுகிறது. 10,000 கார இணைத் தொலைவில் 200 ஆகிவிடுகிறது. அந்தத் தொலைவில் கருவியின் துல்லியத்தை மூன்று மடங்கு கூட்டினாலும் வரைபடம் மேம்படாது. நீட்டும் முறையைச் செம்மைப்படுத்துவதற்குச் செலவிடும் உழைப்புக்கு அங்கே பலன் அதிகம்.

லேபிளின் வெற்றிவிகிதமும் இதே அளவு முக்கியமானது. ஓர் இடத்தில் லேபிள் ஒட்டும் வாய்ப்பு 80 சதவீதம் என்றால் அது நல்ல வினைமுறை என்றே தோன்றும். ஆனால், ஐந்து இடங்கள் இருந்தால் ஐந்தும் ஒருசேர ஒளிரும் மூலக்கூறுகள் 33 சதவீதமே. மீதி மூன்றில் இரண்டு பங்கு மூலக்கூறுகளில் ஏதேனும் ஓரிடம் விடுபட்டிருக்கும். போதாக்குறைக்கு, ஒட்டக்கூடாத இடத்தில் சில லேபிள்கள் ஒட்டியிருக்கும். எனவே ஒரே ஒரு அழகான படம் எதையும் நிறுவுவதில்லை. பல மூலக்கூறுகளை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, எந்த இடத்தில் புள்ளிகள் குவிகின்றன என்று பார்த்தாக வேண்டும். எண்ணிக்கை கூடினால் தற்செயல் பிழை குறையும். எல்லா மூலக்கூறுகளையும் ஒரே பக்கம் சாய்க்கும் பிழை குறையாது.

திசையும் உண்டு. மூலக்கூறுக்குத் தலையும் வாலும் எழுதியிருப்பதில்லை. குறித்த இடங்கள் இரு முனைகளிலிருந்தும் ஒத்த தூரத்தில் இருந்தால் வலப்பக்கம் எது, இடப்பக்கம் எது என்று தெரியாமல் வரைபடம் தன் பிம்பத்தோடு கலந்துவிடும்.

இவற்றையெல்லாம் சோதித்துப் பார்க்க லாம்டா பேஜ் என்னும் பாக்டீரியா வைரஸின் டி.என்.ஏ.வைவிட நல்ல மாதிரி இல்லை. 48,502 கார இணைகள் கொண்ட அதில் டி.என்.ஏ.வைக் குறிப்பிட்ட தொடரில் வெட்டும் ஈகோஆர்1 நொதி ஐந்து இடங்களை அறிகிறது, அவற்றால் பிரியும் துண்டுகள், மூலக்கூறின் இடமுனையிலிருந்து வரிசையாக, 21,226, 4,878, 5,643, 7,421, 5,804, 3,530 கார இணைகள். ஒரு முனையில் நீண்ட வெறுமை, மறு முனையில் குறுகிய துண்டு என்பதால் திசையில் குழப்பமில்லை. 5,643-உம் 5,804-உம், துண்டுகளை நீளப்படி பிரிக்கும் ஜெல்லில் ஒட்டிக்கொண்டு ஓடும். எது முன், எது பின் என்று ஜெல் சொல்லாது. மூலக்கூறை நேரில் பார்த்தால் அவற்றுக்கு நடுவே 7,421 நிற்பது தெரிந்துவிடும். ஆனால், மேற்சொன்ன இரண்டு சதவீத நீட்சிப் பிழை இருந்தால் 5,700 கார இணைக்கு 114 ஆகிறது. அவ்விரு துண்டுகளின் வேறுபாடோ 161 மட்டுமே. அதாவது, வரிசை ஒரே மூலக்கூறிலேயே தெளிவாகும். நீள வேறுபாட்டை உறுதிசெய்யப் பல மூலக்கூறுகள் வேண்டும். உங்களுக்குத் தேவை வரிசையா, நீளமா என்ற கேள்விக்கு விடை தெரிந்தால் பாதி முடிவு எடுத்தாயிற்று. (லாம்டாவின் ஒட்டும் முனைகள் ஒன்றோடொன்று சேர்ந்து இரட்டை நீள மூலக்கூறுகளை உண்டாக்கும், 65 பாகை செல்சியஸில் சூடாக்கி உடனே குளிர்விக்காமல் அளக்கத் தொடங்கினால் இந்தச் சோதனையே ஏமாற்றும்.)

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | அணுவிசை நுண்ணோக்கி | நீட்டிய மூலக்கூறு, சாதாரண ஒளிர்வு | மீப்பிரிதிறன் ஒளிர்வு |
|---|---|---|---|
| வசதியான மூலக்கூறு நீளம் (கார இணை) | சில நூறு முதல் சில ஆயிரம் வரை | 50,000 முதல் பல லட்சம் வரை | சில ஆயிரம் முதல் சில பத்தாயிரம் வரை |
| பிரித்தறியக்கூடிய நெருக்கம் | சில பத்துக் கார இணைகள் | ஏறத்தாழ 500 முதல் 1,500 | நூறை ஒட்டி |
| ஒளிரும் லேபிள் | தேவையில்லை | தேவை | தேவை. அதுவும் மின்னி அணையும் வகை |
| தெரிவது இன்னதென்ற அடையாளம் | உருவமும் உயரமும் மட்டும் | நிறத்தால் தெரியும் | நிறத்தால் தெரியும் |
| அளக்கும் வேகம் | மிகக் குறைவு | மிக அதிகம் | நடுத்தரம் |
| மறைந்திருக்கும் செலவு | பரப்புத் தயாரிப்பு, ஊசி தேய்மானம் | நீண்ட டி.என்.ஏ.வை உடையாமல் எடுத்தல் | பஃபர், நகர்வுத் திருத்தம், கணிப்பு நேரம் |

## அணுவிசை நுண்ணோக்கி

பின்னிக், குவேட், கெர்பர் ஆகியோர் 1986-இல் அறிமுகப்படுத்திய இந்தக் கருவி ஒளியால் பார்ப்பதில்லை. கூரிய ஊசிமுனையால் பரப்பைத் தடவி அதன் உயரத்தை வரைகிறது. டி.என்.ஏ.வும் அதில் பிணைந்த புரதமும் சாயம் எதுவும் இல்லாமலே தெரியும் என்பது இதன் தலையாய பலம். வெட்டும் திறனை இழந்து பிணையும் திறனை மட்டும் வைத்திருக்கும் ஈகோஆர்1 பிறழ்வு வடிவத்தைப் பிளாஸ்மிட்டில் (சிறு வளைய டி.என்.ஏ.வில்) பிணைத்து, அது உட்கார்ந்திருக்கும் இடத்தை இவ்வாறு நேரடியாகக் காட்டும் வேலை 1990-களிலேயே நடந்தது. இப்போது அதே வேலைக்கு வெட்டாத காஸ்9 புரதத்தைப் பயன்படுத்தலாம்; 20 எழுத்து வழிகாட்டி ஆர்.என்.ஏ.வை மாற்றினால் விரும்பிய இடத்தைக் குறிக்க முடிகிறது.

நுட்பம் முழுதும் மைக்காவின் மேற்பரப்பில்தான் இருக்கிறது. மைக்காவும் டி.என்.ஏ.வும் எதிர்மின்னூட்டம் கொண்டவை. இரண்டையும் ஒட்டவைக்க மக்னீசியம் அல்லது நிக்கல் அயனி பாலமாக வேண்டும். அயனி குறைந்தால் மூலக்கூறு கழுவலில் போய்விடும். கூடினால் விழுந்த நிலையிலேயே இறுகி, மடிப்புகளும் குறுக்கீடுகளும் நிறைந்த படம் கிடைக்கும். இரண்டு நானோமீட்டர் தடிமன் உள்ள இழை ஊசிமுனையின் பருமனால் பத்து நானோமீட்டர் அகலமாகத் தெரிவதும், காற்றில் அளக்கும்போது உயரம் ஒரு நானோமீட்டருக்கும் குறைவாகப் பதிவாவதும் இயல்பே. புதிதாக வருவோர் இதைக் கண்டு மாதிரி கெட்டுவிட்டதாக எண்ண வேண்டியதில்லை.

இதன் எல்லை நீளத்தில் இருக்கிறது. இரண்டு மைக்ரோமீட்டர் சதுரத்தை 512 வரிகளாகப் பிரித்தால் ஒரு பிக்சல் ஏறத்தாழ நான்கு நானோமீட்டர். விநாடிக்கு ஒரு வரி என்றால் ஒரு படத்துக்கு எட்டரை நிமிடம். நேராக்கினால் 16.5 மைக்ரோமீட்டர் நீளும் லாம்டா மூலக்கூறை இந்த நுணுக்கத்தில் பின்தொடர்வது நடைமுறைக்கு ஒத்துவராது. ஆகவே வேலை சில ஆயிரம் கார இணைத் துண்டுகளுக்குள் அடங்க வேண்டும்.

பிணைந்திருப்பது நாம் தேடும் புரதமா, உப்புத் துகளா, தவறான இடத்தில் தங்கிய மற்றொரு புரதமா என்று கருவி சொல்லாது என்பது அடுத்த சிக்கல். ஒரு முனையில் பயோட்டின் என்னும் சிறு மூலக்கூறை வைத்து, அதை இறுகப் பற்றும் ஸ்ட்ரெப்டாவிடின் புரதத்தைப் பிணைத்துவிட்டால் திசைக் குழப்பமாவது தீரும். புரதம் டி.என்.ஏ.வைத் தன்மீது சுற்றிக்கொள்ளும் வகையாக இருந்தால், அளந்த நீளம் குறைந்து, அதற்கு அப்பால் உள்ள இடங்கள் எல்லாம் முனையை நோக்கி நகர்ந்ததுபோல் தோன்றும். நியூக்ளியோசோம் (டி.என்.ஏ. சுற்றிய புரத உருண்டை) ஒன்றே 147 கார இணைகளை விழுங்கிவிடுகிறது. இந்தத் திருத்தத்தைச் செய்யாத வரைபடத்தை நான் நம்ப மாட்டேன்.

துண்டு குறுகியது, புரதம் பிணையும் இடம்தான் கேள்வி, நூறு மூலக்கூறுகள் போதும் என்ற நிலையில் இதுவே சிறந்த தேர்வு. பிணைப்பால் இழை வளைகிறதா என்பதையும் சேர்த்துக் காட்டுவது இதற்கே உரியது.

## நீட்டிய மூலக்கூறும் சாதாரண ஒளிர்வு நுண்ணோக்கியும்

டேவிட் ஷ்வார்ட்ஸ் குழுவினர் 1993-இல் ஈஸ்ட் குரோமோசோம்களில் இதைச் செய்து காட்டினார்கள். நீட்டிய மூலக்கூறை வெட்டுநொதிக்கு ஆட்படுத்தி, வெட்டிய இடத்தில் தோன்றும் இடைவெளிகளை ஒளிர்வில் பார்த்தார்கள். துண்டுகள் தம் இடத்திலேயே நிற்பதால் வரிசை குலையவில்லை. சிறிய துண்டுகள் பரப்பிலிருந்து விடுபட்டுப் போவதே அந்த முறையின் நெடுநாள் தொல்லை. அதனால் இன்று பெரும்பாலும் வெட்டுவதற்குப் பதிலாக லேபிள் ஒட்டுகிறார்கள்.

நீட்டுவதற்கு இரண்டு வழிகள் நிலைத்துள்ளன. பென்சிமோன் குழுவினர் 1994-இல் வெளியிட்ட மூலக்கூறு சீவுதல் முறையில், முனைகளைப் பற்றிக்கொள்ளும்படி தயாரித்த கண்ணாடியைக் கரைசலிலிருந்து சீரான வேகத்தில் மேலே இழுக்கிறார்கள். பின்வாங்கும் நீர்விளிம்பு எல்லா மூலக்கூறுகளையும் ஒரே திசையில் இழுத்துப் பதிக்கிறது. ஒரு மைக்ரோமீட்டருக்கு 2,000 கார இணை என்ற கிட்டத்தட்ட மாறாத நீட்சி இதில் கிடைக்கிறது. இது இயல்பு நீளத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஆகவே 215 நானோமீட்டர் ஒளிவரம்பும் 430 கார இணையாகச் சுருங்குகிறது. நீட்சி இப்படிச் சீராக இருப்பதுதான் இந்த எளிய முறை இன்னும் வழக்கொழியாததற்குக் காரணம் என்பேன். இழுவிசை வலியது, பிணைந்த புரதங்கள் அதில் நழுவிவிடக்கூடும் என்பதை மட்டும் மனத்தில் கொள்ள வேண்டும்.

மற்றொன்று நானோகால்வாய். டி.என்.ஏ. வளையாமல் விறைத்து நிற்கும் நீளம் சுமார் 50 நானோமீட்டர். ஏறத்தாழ அதே அகலமுள்ள கால்வாய்க்குள் நுழைந்த இழை மடிந்து திரும்ப இடமின்றித் தானாகவே நீண்டு கிடக்கும். மூலக்கூறுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கால்வாய்க்குள் செலுத்திப் படமெடுத்து வெளியேற்றலாம் என்பதால் எண்ணிக்கையில் இதை எதுவும் நெருங்காது. ஆனால், இழை கால்வாய்க்குள் வெப்ப அசைவால் ஓயாமல் நெளிந்துகொண்டிருக்கும். உப்பின் செறிவு மாறினால் நீட்சியும் மாறும். எனவே ஒரு மைக்ரோமீட்டருக்கு எத்தனை கார இணை என்பதை ஒவ்வொரு ஓட்டத்திலும் புதிதாக அளவீடு செய்தாக வேண்டும்.

லேபிளில் இரு வகைகள் உண்டு. ஓரிழையை மட்டும் வெட்டும் நொதியால் கீறி அங்கே ஒளிரும் நியூக்ளியோடைடைச் செருகுவது பழைய வழி. எதிரெதிர் இழைகளில் இரு கீறல்கள் அருகருகே விழுந்தால் மூலக்கூறே அங்கு முறிந்துவிடும். முறியும் இடம் எப்போதும் அதேயாக இருப்பதால் வரைபடத்திலும் அதே இடத்தில் நிலையான ஓட்டை விழும். இழையைக் கீறாமல், சி-டி-டி-ஏ-ஏ-ஜி என்னும் ஆறெழுத்தில் சாயத்தை நேரடியாக இணைக்கும் நொதி இந்தக் குறையைப் போக்கியது. ஆறெழுத்துத் தொடர், எழுத்துகள் தற்செயலாக அமைந்திருந்தால், 4,096 கார இணைக்கு ஒருமுறை வரும். ஒளிவரம்புக்கு இது மிக வசதியான இடைவெளி.

இந்த வழியின் உண்மையான செலவு நுண்ணோக்கியில் இல்லை, டி.என்.ஏ.வை எடுப்பதில் இருக்கிறது. சாதாரண பிப்பெட் முனையால் இருமுறை உறிஞ்சி விட்டாலே லட்சம் கார இணை மூலக்கூறுகள் அறுந்துபோகும். செல்களை அகரோஸ் கட்டிக்குள் பதித்து அங்கேயே உடைத்துக் கழுவுதல், அகன்ற வாய் முனை, குலுக்காத கலத்தல் என்று எல்லாமே நிதானத்தைக் கேட்கும். இழை முழுவதையும் ஒளிரச் செய்ய இடும் யோயோ-1 சாயமும் கவனம் கோருகிறது: அது கார இணைகளுக்கிடையே நுழைந்து மூலக்கூறை முப்பது சதவீதம் வரைகூட நீட்டிவிடும், வலுவான ஒளியில் இழையை அறுக்கவும் செய்யும். சாய விகிதத்தை மாற்றினால் நீள அளவீட்டையும் மாற்ற வேண்டும்.

முழு மரபணுத்தொகையில் பெரிய வெட்டுகள், திரும்பல்கள், இடமாற்றங்கள் ஆகியவற்றைத் தேடுவோருக்கும், டி.என்.ஏ. நகலெடுப்பின் வேகத்தை அளப்போருக்கும் இதுவே வழி. நகலெடுக்கும் கவை (இழைகள் பிரிந்து நகலாகும் முனை) பாலூட்டிச் செல்களில் நிமிடத்துக்கு 2,000 கார இணை நகர்கிறது என்று கொண்டால், இருபது நிமிடத்தில் உருவாகும் அடையாளப் பட்டை 40,000 கார இணை. சீவிய கண்ணாடியில் அது 20 மைக்ரோமீட்டர். அதை அளக்க மீப்பிரிதிறன் கருவியில் நேரம் முன்பதிவு செய்து காத்திருப்பது வீண்.

## மீப்பிரிதிறன் ஒளிர்வு நுண்ணோக்கி

2006-இல் அறிமுகமான பால்ம், ஸ்டார்ம் முறைகளும், 2010-இல் வந்த டி.என்.ஏ.-பெயின்ட் முறையும் ஒரே உத்தியைக் கையாள்கின்றன: நெருங்கிய லேபிள்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஒளிரவிடாமல், ஒவ்வொரு கணத்திலும் ஒன்றிரண்டை மட்டும் மின்னச் செய்து, ஒவ்வொன்றின் மையத்தையும் தனித்தனியே குறித்துச் சேர்ப்பது. 2014-இன் வேதியியல் நோபல் பரிசு பெட்சிக், ஹெல், மோர்னர் ஆகியோருக்கு இந்தத் துறைக்காகவே கிடைத்தது.

இந்த வழி எப்போது தவிர்க்க முடியாதது என்பதை ஒரு கணக்கே சொல்லிவிடும். டி-சி-ஜி-ஏ என்னும் நான்கெழுத்தில் சாயம் இணைக்கும் மீத்தைல் மாற்றி நொதியைப் பயன்படுத்தினால், சராசரியாக 256 கார இணைக்கு ஓர் அடையாளம் விழும். நீளத்தில் 87 நானோமீட்டர். சாதாரண நுண்ணோக்கியில் இது தொடர்ச்சியான ஒளிக்கோடு. மீப்பிரிதிறனில் அடர்ந்த புள்ளித்தொடர். குறுகிய மூலக்கூறிலும் தனித்துவமான கோலம் கிடைப்பதால், எந்த உயிரியிலிருந்து வந்த துண்டு என்று சில பத்தாயிரம் கார இணைகளிலேயே அடையாளம் காண முடிகிறது.

இதன் செலவுகளோ மெல்ல மெல்லத்தான் தெரியவரும். இருபதாயிரம் சட்டகங்களை ஒன்று 50 மில்லிவிநாடி வீதம் பதிவுசெய்தால் ஒரு பார்வைப்புலத்துக்குப் பதினேழு நிமிடம் ஆகிறது; அதற்குள் மேடை சில நூறு நானோமீட்டர் நகர்ந்திருக்கலாம். தங்கத் துகள்களையோ ஒளிரும் மணிகளையோ நிலைக்குறியாக வைத்து அந்த நகர்வைக் கழிக்க வேண்டும். இரண்டு நிறங்களில் பார்த்தால், லென்ஸ் அவ்விரு நிறங்களையும் பத்துக்கணக்கான நானோமீட்டர் விலக்கிக் காட்டும். அதையும் மணிகளால் அளந்து திருத்த வேண்டும். ஆக்சிஜனை நீக்கும் பஃபர் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் வகையாக இருந்தால் சில மணிநேரத்தில் அமிலமாகிவிடும். மாலையில் எடுத்த படம் காலையில் எடுத்ததைப்போல் இராது.

எல்லாவற்றையும்விட எளிதில் மறக்கப்படுவது லேபிளின் உடலளவு. முதன்மை, இரண்டாம் நிலை எதிர்ப்பொருள்களை அடுக்கி ஒட்டினால், சாயம் தன் இடத்திலிருந்து பத்து முதல் இருபது நானோமீட்டர் தள்ளி நிற்கும். அது 30 முதல் 60 கார இணை. மூன்று நானோமீட்டர் துல்லியத்தில் அளந்தது சாயத்தைத்தானே தவிர, இடத்தை அன்று. சாயத்தை டி.என்.ஏ.வுடனே நேரடியாக இணைக்கும் வேதியியல் கைவசம் இல்லாதவர்கள் இந்தக் கருவிக்குச் செலவிடுவதைத் தள்ளிப்போடலாம். இரண்டே இடங்கள், அவற்றுக்கு வெவ்வேறு நிறம் தர முடியும் என்றால், மின்னும் சாயமும் நீண்ட பதிவும் இல்லாமலே ஒவ்வொரு நிறத்தின் மையத்தையும் தனியாகக் குறித்துத் தூரத்தை அறியலாம். நிறத் திருத்தம் மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

## எலக்ட்ரான் நுண்ணோக்கி பற்றி ஒரு குறிப்பு

டி.என்.ஏ.வில் இடங்களைக் குறிக்கும் கலை இங்குதான் வளர்ந்தது. 1977-இல் அடினோவைரஸில் ஆர்.என்.ஏ.வும் டி.என்.ஏ.வும் பிணைந்த வளையங்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டபோதுதான் மரபணுக்கள் துண்டு துண்டாக அமைந்திருப்பது வெளிப்பட்டது; ஷார்ப்பும் ராபர்ட்ஸும் 1993-இல் நோபல் பரிசு பெற்றனர். இன்றும் ஓரிழை வளையங்கள், நகலெடுப்புக் கவைகள் போன்ற உருவங்களைக் காண இது சிறந்தது. உலோகப் பூச்சும் வெற்றிடமும் தேவைப்படுவதாலும், தேர்ந்த கை வேண்டியிருப்பதாலும், புதிதாகத் தொடங்குவோருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

## வரிசையறிதல் போதாதா?

இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு நுண்ணோக்கிகளை ஒப்பிடுவது நேர்மையாகாது. அறிய வேண்டியது வெட்டுநொதி இடங்களோ மீத்தைலேற்றமோ (எழுத்துகளில் மீத்தைல் குழு சேர்ந்திருப்பது) மட்டும் என்றால், நானோதுளை வழியாக லட்சம் கார இணை நீளத்துக்கு நேரடியாகப் படிக்கும் கருவிகள் எழுத்தளவு துல்லியத்தோடு விடை தந்துவிடும். அங்கே எந்த நுண்ணோக்கியும் தேவையில்லை.

படம்பிடித்தல் வெல்லும் இடங்கள் வேறு. முகம், தோள்பட்டை, மேற்கை தசைகளை நலிவிக்கும் மரபுநோயின் முதல் வகையில், நான்காம் குரோமோசோமின் முனையருகே உள்ள டி4இசட்4 என்னும் 3,300 கார இணைத் தொடர் பத்து அல்லது அதற்கும் குறைவான முறைகளே திரும்பி வந்திருக்கும். நோயற்றவர்களில் அது நூறு முறைவரைகூட நீளும். நூறு முறை என்றால் 3,30,000 கார இணை. கிட்டத்தட்ட அதே தொடர் பத்தாம் குரோமோசோமிலும் இருப்பதால் எண்ணிக்கை மட்டும் போதாது. எந்தக் குரோமோசோமைச் சேர்ந்தது என்பதையும் ஒரே மூலக்கூறில் காண வேண்டும். நானோகால்வாயில் நீண்டு கிடக்கும் மூலக்கூறில், அத்தொடருக்கு முன்னால் உள்ள லேபிள் கோலம் குரோமோசோமைச் சொல்லிவிடும். தொடரின் நீளம் எண்ணிக்கையைச் சொல்லிவிடும். ஓர் அலகே 3,300 கார இணை என்பதால், இருநூறு முந்நூறு கார இணைப் பிழை இந்தக் கணக்கைக் கலைக்காது. பத்தா பதினொன்றா என்ற எல்லைக்கோட்டு வேளையில் மட்டும் பல மூலக்கூறுகளைச் சேர்த்துப் பார்த்தே அறிக்கை எழுத வேண்டும்.